பாதாள லோகத்துக்கு லைட்டு போடப் போறீங்களா?

நியூஜெர்சி பக்கம் நம்மாளு ஒருத்தர் வீடு வாங்கினா ரெண்டு மூணு வருஷத்துல அடுத்த வேலை ஆரம்பிச்சிடும். அதான், பேஸ்மென்ட்டை ஃபினிஷ் பண்றது. டைல்ஸுக்கு மூணு கடை, கார்ப்பெட்டுக்கு நாலு கடை, டிவி எத்தனை இன்ச்சுன்னு ஒரு மாசம் பஞ்சாயத்து. லைட்டுன்னு வரும்போது மட்டும் கான்ட்ராக்டர் "பன்னெண்டு கேன் லைட் போட்டுடலாம்"னு சொல்வாரு, நாமளும் மண்டையை ஆட்டிடுவோம். அப்புறம் ஸ்டைலா இருக்கட்டுமேன்னு பார் பக்கத்துல மூணு பென்டன்ட் லைட்டைத் தொங்கவிட்டா ஜோலி முடிஞ்சுது.

ஸ்டைலான லைட்டிங் வேணும்னா கேட்லாக்கைப் புரட்டறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுக்கணும்னு நான் நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு அந்த பேஸ்மென்ட்ல யாரு உட்கார்ந்திருப்பாங்க?

சனிக்கிழமை பார்ட்டிக்கு வர்ற கும்பல் இல்ல மக்களே. ஊர்ல இருந்து ஆறு மாசத்துக்கு வந்திருக்கற அப்பா அம்மா. மேல பெட்ரூம் எல்லாம் பசங்களுக்குப் போயாச்சு. கீழ பாத்ரூமோட ஒரு ரூம் இருக்கு, "அவங்களுக்கும் தொந்தரவு இல்லாம இருக்கும்"னு நாமளே சொல்லிக்கறோம். நாம ஆணி புடுங்கப் போயிடறோம், பசங்க ஸ்கூலுக்குப் போயிடறாங்க. டிசம்பர்ல இங்க நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மூட்டை கட்டிடும். வாசல் திண்ணையிலயும் மொட்டை மாடியிலயும் வெயிலோட வாழ்ந்த ஜனங்க, கூரையை ஒட்டின ஒரு சின்ன ஜன்னல் வழியா பக்கத்து வீட்டு புல்லைப் பார்த்துகிட்டு உட்கார்ந்திருக்காங்க. "ஒரே தூக்கம் தூக்கமா வருதுடா"ன்னு அப்பா சொன்னா ஜெட்லாக்னு நினைச்சுக்கறோம். மூணாவது மாசமும் ஜெட்லாக்கா?

உடம்புக்குள்ள இருக்கற கடிகாரம் பகல் வெளிச்சத்தை வச்சுதான் ஓடுது. மேகம் மூடின பகல்ல கூட வெளியில ஆயிரக்கணக்குல லக்ஸ் இருக்கும். இப்ப சட்டம் என்ன கேட்குதுன்னு பாருங்க. அமெரிக்காவுல பல மாநிலங்கள் அடிப்படையா வச்சிருக்கற ஐ.ஆர்.சி. வீட்டுக் கட்டட விதி, ரூமோட தரைப்பரப்புல 8 சதவீதம் கண்ணாடி வேணும்ங்குது. அது இல்லைன்னா, தரையில இருந்து 30 இன்ச் உயரத்துல சராசரியா 6 ஃபுட்கேண்டில் (சுமார் 65 லக்ஸ்) செயற்கை வெளிச்சம் இருந்தா போதுமாம். 300 சதுர அடி ரூமுக்கு கணக்கு போட்டா 1800 லூமென். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒண்ணு 800 லூமென் தரும். ஆக, ரெண்டே கால் குண்டு பல்பு எரிஞ்சா காகிதத்துல நீங்க பாஸ்! இன்ஸ்பெக்டர் கையெழுத்து போட்டுட்டாருங்கறதுக்காக அங்க உட்கார்ந்து தினசரி படிக்க முடியும்னு அர்த்தமில்ல.

அதுலயும் வயசானவங்க கண்ணு வேற. கண்மணி சுருங்கி, லென்ஸ் மஞ்சளாகி, அறுபது வயசுல விழித்திரைக்குப் போற வெளிச்சம் இருபது வயசுல போனதுல மூணுல ஒரு பங்குதான்னு சொல்வாங்க. நமக்குப் 'போதும்'னு தோணற வெளிச்சம் அவங்களுக்கு அந்தி நேரம். அதே சமயம் கண்ணு கூசறதும் அவங்களுக்குத்தான் ஜாஸ்தி. அதனால இன்னும் நாலு கேன் லைட்டை கூட்டிப் போடறதும் தீர்வு இல்ல.

சரி, என்னதான் பண்ணலாம்ங்கறீங்களா?

முதல்ல சுவரைக் கவனிங்க. ஒரு ரூம் வெளிச்சமா இருக்கா இல்லையான்னு நம்ம கண்ணு முடிவு பண்றது தரையைப் பார்த்து இல்ல, எதிர்ல தெரியற சுவத்தைப் பார்த்துதான். நடுவுல கட்டம் கட்டி பன்னெண்டு லைட் போட்டா கார்ப்பெட் பளபளக்கும், மூலையெல்லாம் குகை மாதிரி கிடக்கும், உட்கார்ந்திருக்கறவங்க கண்ணுக்குக் கீழ பேய்ப்பட நிழல் விழும். அதே லைட்டுல பாதியை சுவத்துல இருந்து ரெண்டு ரெண்டரை அடி தள்ளி வரிசையா போட்டுப் பாருங்க. சுவரெல்லாம் வெளிச்சத்துல நனையும், ஏழரை அடி கூரை கூட கொஞ்சம் உசந்த மாதிரி இருக்கும். பைசா செலவு கூட ஆகாது.

ரெண்டாவது, உட்கார்ற இடத்துக்குன்னு தனி விளக்கு. நாற்காலி பக்கத்துல ஒரு நல்ல ஃப்ளோர் லாம்ப், கட்டில் பக்கத்துல கை நீட்டினா எட்டற சுவிட்ச்சோட ஒரு விளக்கு. ராத்திரி பாத்ரூம் போற வழியில தரையை ஒட்டி மங்கலா ஒண்ணு. மாடிப்படிக்கு மேலயும் கீழயும் சுவிட்ச் இருக்கணும் (இதை விதியே சொல்லுது). ஆனா படியோட விளிம்பு தெரியற மாதிரி வெளிச்சம் விழுதான்னு பார்க்க வேண்டியது நம்ம வேலை. முட்டி வலியோட இறங்கறவங்களுக்கு அதைவிட முக்கியமான லைட்டு அந்த வீட்டுலயே கிடையாது.

மூணாவது, கலர். பொட்டியில 2700 கெல்வின், 3000, 5000னு போட்டிருப்பான். எண்ணு சின்னதா இருந்தா மஞ்சள், பெருசா இருந்தா நீலம் கலந்த வெள்ளை. ராத்திரிக்கு 2700 சுகம். ஆனா பகல் முழுக்க ஆள் இருக்கற ரூம்னா 3500, 4000 வரைக்கும் போகலாம்ங்கறது என் கட்சி. இப்ப வர்ற தட்டையான வேஃபர் லைட்டுகள்ல பலதுல கலரை மாத்த ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். மேல மாட்டறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரே எண்ணுல வைக்கச் சொல்லுங்க. இல்லைன்னா ஒரு மூலை கல்யாண மண்டபம், இன்னொரு மூலை ஆஸ்பத்திரின்னு ஆயிடும். சி.ஆர்.ஐ. 90க்கு மேல இருக்கான்னும் பாருங்க. அது குறைஞ்சா சிவப்பெல்லாம் செத்துப்போகும். நவராத்திரிக்கு கொலுவை கீழதானே வைக்கறோம்? அரக்குக் கலர் பட்டுப்புடவையும் மரப்பாச்சியும் ஒரே பழுப்பா தெரிஞ்சா வீட்டம்மா முறைக்கறதுல நியாயம் இருக்கு.

நாலாவது, உயரம். பல பேரு பேஸ்மென்ட்ல பரதம் கிளாஸ் நடக்குது. கையை மேல தூக்கினா ஷாண்ட்லியர்ல இடிக்கற இடத்துல அதை மாட்டறது அழகு இல்ல, ஆபத்து. தொங்கற விளக்கு ஆசையா இருந்தா கீழ மேஜையோ பார் கவுன்ட்டரோ இருக்கற இடத்துல மட்டும் மாட்டுங்க.

இப்ப ஃபேஷன்னு சொல்லிகிட்டு கூரையில டிரைவால் கூட அடிக்காம, கட்டை, டக்ட் எல்லாத்துக்கும் கறுப்பு பெயின்ட் அடிக்கறாங்க. போட்டோவுல சூப்பரா இருக்கும், ஒத்துக்கறேன். சினிமா பார்க்க மட்டுமே இருக்கற ரூம்னா தாராளமா அடிங்க. ஆள் குடியிருக்கற இடம்னா அந்தக் கறுப்பு மேல போற வெளிச்சத்தையெல்லாம் முழுங்கிடும். வெள்ளைக் கூரை சும்மா கிடைக்கற லைட்டுங்க.

"இத்தனை லைட்டா, கரண்ட் பில்லு யாரு கட்டறது?"ன்னு தங்கமணிகளும் ரங்கமணிகளும் கேட்கலாம். 65 வாட் பழைய பல்பு பன்னெண்டு எரிஞ்சா 780 வாட். அதே இடத்துல 10 வாட் எல்.இ.டி. போட்டா 120 வாட். "அப்ப ஹோம் தியேட்டர் எஃபெக்ட் போயிடுமே?" போகாது. சுவர் லைட்டுக்கு ஒண்ணு, நடு லைட்டுக்கு ஒண்ணு, டிவி பக்கத்துக்கு ஒண்ணுன்னு தனித்தனி சுவிட்ச், எல்.இ.டி.க்கு ஒத்துவர்ற டிம்மர். பழைய டிம்மரையே வச்சா சில லைட் பேய் வீடு மாதிரி மினுக்கும். ஆனா இந்த வயரிங் எல்லாம் டிரைவால் அடிக்கறதுக்கு முன்னாடி கேட்டாதான் சல்லிசு. அப்புறம் கேட்டா கான்ட்ராக்டர் நம்ம கண்ணுல லைட்டு காட்டுவாரு.

லைட்டால ஈடு கட்டவே முடியாத விஷயமும் ஒண்ணு இருக்கு. பேஸ்மென்ட்ல யாராவது படுத்துத் தூங்கப் போறாங்கன்னா, ஆள் ஏறி வெளியேற அளவுக்கு ஒரு ஜன்னல் வேணும். அதோட அடிவிளிம்பு தரையில இருந்து 44 இன்ச்சுக்கு மேல இருக்கக் கூடாதுங்கறது விதி. தீ விபத்துன்னு வந்தா அதான் உசிரு. நல்ல நாள்ல பார்த்தா, அந்த ரூமுக்கு உண்மையான வெயில் வர்றதும் அது வழியாத்தான். பட்ஜெட் இடிக்குதுன்னா பார் கவுன்ட்டரையும் மூணு பென்டன்ட்டையும் வெட்டுங்க, ஜன்னலை வெட்டாதீங்க.

விருந்தாளி ரெண்டு மணி நேரம் இருந்துட்டு "சூப்பரா பண்ணியிருக்கீங்க"ன்னு சொல்லிட்டு கார் ஏறிடுவாங்க. அப்பா அம்மா அப்பவும் கீழதான் இருப்பாங்க, "எங்களுக்கு என்னடா, இதே போதும்"னு சொல்லிகிட்டு. அவங்க கேட்க மாட்டாங்க. அதனால நாமதான் யோசிச்சுப் போடணும்.

டிஸ்கி: நான் எலக்ட்ரீஷியன் இல்லீங்க. மேல சொன்னதெல்லாம் எங்க போடணும், ஏன் போடணும்ங்கறதுக்கு. எப்படி மாட்டணும்ங்கறதுக்கு லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்க, உங்க ஊர் பர்மிட் விதியையும் ஒரு தடவை பார்த்துடுங்க.