இறால் ஓடும் கண் மாத்திரையும்

அக்காவுக்கு எழுத்தின் நடுவில் கறுப்பாகத் தெரிகிறது. விழித்திரைத் தேய்மானம், நடுக்கட்டமாம். டாக்டர் எழுதிய மாத்திரையைக் கேட்டால், மருந்துக்கடைப் பையன் 'நானோ லூட்டின்' டப்பாவை நீட்டினான். விலை இரண்டு மடங்கு. "உங்களுக்கும் ஒண்ணு போடவா சார்?"

லூட்டின் கீரையிலும் செண்டுப்பூவிலும் உள்ள மஞ்சள் நிறமி. பிரெஞ்சு வகுப்பில் நாங்கள் 'கரோத்' என்று படித்த காரட்டால் பெயர் பெற்ற கரோட்டினுக்குச் சொந்தக்காரன். தண்ணீரில் கரையாது, கொழுப்போடு போனால்தான் உடம்பில் ஏறும். அதற்குத்தான் இந்த நுண்ணிய உறை. மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ.யில் கைட்டோசான் உறையில் பொதிந்து எலிகளுக்குக் கொடுத்தபோது ரத்தத்தில் கூடுதலாகச் சேர்ந்தது. கைட்டோசான் வேறொன்றுமில்லை, காரைக்கால்மேட்டில் உரித்துக் குப்பையில் போடுகிறோமே, அந்த இறால் ஓட்டிலிருந்து எடுப்பது!

கெட்டிக்கார வேலைதான். ஆனால் எலி வேறு, அக்கா வேறு. 2013-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் மனிதர்களுக்குக் கொடுத்தது தினம் 10 மி.கி. சாதாரண லூட்டின்.

அக்காவுக்கு டாக்டர் எழுதியதையே வாங்கினேன். எனக்குக் கொல்லை முருங்கைக்கீரை, நல்லெண்ணெய் சற்றுத் தாராளமாக.