பூட்டு இருந்தால் போதுமா?

தீபாவளி நெருங்கிவிட்டால் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் எல்லோரும் மூன்று அறிவுரைகளைச் சொல்வோம். ஆண்ட்டி வைரஸ் புரோகிராமை அப்டேட் செய்யுங்கள், எல்லா வெப்சைட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டை வைக்காதீர்கள், பணம் கட்டும் முன் அட்ரஸ் பாரில் பூட்டுப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் இரண்டையும் நான் இன்றும் சொல்கிறேன். மூன்றாவதை நிறுத்திவிட்டேன். காரணம், ஆய்க்குடியில் இருக்கும் என் மாமா.

அவருக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்து இன்டர்நெட் பழக்கியவன் நான்தான். 2022 தீபாவளிக்கு அவர் தெருவில் ஐந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து பட்டாசு வாங்க முடிவு செய்தார்கள். சிவகாசி எங்களுக்குத் தூரமில்லை. தென்காசியில் ரயில் ஏறினால் ராஜபாளையம் தாண்டி அதே பாதையில் வந்துவிடும். ஆனால் ரயிலில் பட்டாசு கொண்டு வருவது குற்றம். எனவே மாமா, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு சிவகாசி வெப்சைட்டைத் திறந்தார். விலைப்பட்டியல், கடை போட்டோ, போன் நம்பர் எல்லாம் பக்காவாக இருந்தன. பதினோராயிரத்துச் சொச்சம் கட்டினார். லாரி சர்வீஸில் தென்காசிக்கு வந்துவிடும் என்றார்கள். பார்சல் வரவில்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு போனும் ஸ்விட்ச் ஆஃப்.

மாமா யாரிடமும் மூச்சு விடவில்லை. கைக்காசைப் போட்டுத் தென்காசியில் பட்டாசு வாங்கி நான்கு வீட்டுக்கும் கொடுத்துவிட்டார். தன் வீட்டுக்கு வாங்கவில்லை. கந்த சஷ்டிக்குக் கோயிலுக்குப் போயிருந்தபோதுதான் என்னிடம் சொன்னார்.

"பூட்டு இருந்துச்சுல்லா மாப்ள. நீதான அதைப் பாக்கச் சொன்ன?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் பூட்டுக்கு என்ன அர்த்தம்? உங்கள் கம்ப்யூட்டருக்கும் அந்த வெப்சைட்டுக்கும் நடுவில் போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது, அவ்வளவுதான். எதிர்முனையில் இருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லாது. திருடனிடம் ரகசியமாகப் பேசினாலும் பூட்டு தெரியும். ஒரு காலத்தில் இதற்கான சான்றிதழைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். 2015 கடைசியில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே தர ஆரம்பித்தது. நல்ல காரியம்தான். ஆனால் போலி வெப்சைட்காரனுக்கும் அது சில நிமிடங்களில் கிடைத்துவிடும். மக்கள் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றே கூகுள் 2023 செப்டம்பரில் குரோம் பிரவுசரில் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது. மாமா பணம் இழந்து ஒரு வருடம் கழித்து!

அடுத்து, "நம்ப முடியாத தள்ளுபடி என்றால் சந்தேகப்படுங்கள்" என்பார்கள். சிவகாசி விலைப்பட்டியலைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பல வருடமாகத் தொழில் செய்யும் நிஜமான கடைகளே 80 சதவீதம் தள்ளுபடி என்று அச்சடிப்பது அங்கே வழக்கம். அதனால் தள்ளுபடியை வைத்து நல்ல கடை எது, போலிக் கடை எது என்று பிரிக்க முடியாது.

பிறகு எதை வைத்துப் பிரிப்பது? பட்டாசு விஷயத்தில் பிரிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. 2018 அக்டோபர் 23 அன்று சுப்ரீம் கோர்ட் கொடுத்த உத்தரவில், இ-காமர்ஸ் வெப்சைட்கள் பட்டாசுக்கு ஆன்லைன் ஆர்டர் வாங்கக் கூடாது, விற்கவும் கூடாது என்று இருக்கிறது. மாமாவுக்கு இது தெரியாது. சாஃப்ட்வேர் இன்ஜினியரான எனக்கும் அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பூட்டைப் பற்றிப் பேசாமல் இந்த ஒரு வரியைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பேன். தமிழ்நாடு போலீசின் சைபர் கிரைம் பிரிவும் 2024 அக்டோபரில் போலிப் பட்டாசு வெப்சைட்கள் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. ஆகவே லைசென்ஸ் உள்ள கடைக்கு நேரில் போய் வாங்குங்கள். கொஞ்சம் விலை கூடத்தான் இருக்கும், இருக்கட்டும்.

சரி, துணிமணி, செல்போன், குற்றாலம் சீசனுக்கு லாட்ஜ் ரூம் இதையெல்லாம் இன்டர்நெட்டில் பார்க்காமல் முடியுமா? முடியாது. இங்கே ஒரு வழி இருக்கிறது. வெப்சைட்டின் பெயர் எந்தத் தேதியில் பதிவு செய்யப்பட்டது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இந்த வசதிக்கு ஹூயிஸ் என்று பெயர். கூகுளில் 'ஹூயிஸ் லுக்அப்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடினால் இதற்கான தளங்கள் வரும். வெப்சைட் பெயரைக் கொடுத்தால் பதிவான தேதியைக் காட்டும். 'முப்பது வருட அனுபவம்' என்று முகப்பில் போட்டிருக்கும் கடையின் வெப்சைட் போன மாதம்தான் பதிவாகியிருக்கிறது என்றால் பர்ஸை உள்ளே வையுங்கள். பழைய தேதி என்றால் உடனே நம்பிவிடலாம் என்று அர்த்தமில்லை. லாட்ஜ் என்றால், குற்றாலத்தில் தெரிந்தவர் ஒருவரைவிட்டு விசாரிப்பது ஹூயிஸைவிட நல்லது. 2025 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையமும் கோயில் யாத்திரை, ஓட்டல் புக்கிங் பெயரில் நடக்கும் மோசடி பற்றி எச்சரித்திருந்தது.

"ஆர்டர் கேன்சல், பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், பின் நம்பரைப் போடுங்கள்" என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். யுபிஐ-யில் பணம் அனுப்பத்தான் பின் நம்பர் வேண்டும், வாங்குவதற்கு வேண்டாம். ஏற்கெனவே ஏமாந்தவரைத் தேடி இரண்டாவது முறை பறிப்பது இப்படித்தான்.

மாமா விஷயத்தில் எனக்கு இன்னும் ஆறாத இடம் ஒன்று உண்டு. பணம் போனதும் 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். அங்கே புகார் பதிவானதும் தகவல் வங்கிகளுக்குப் போகும். பணம் இன்னும் ஏதாவது கணக்கில் கிடந்தால் அதை நிறுத்தி வைப்பார்கள். திருடர்கள் பணத்தைக் கணக்கு கணக்காக மாற்றிக்கொண்டே போவார்கள் என்பதால் முதல் சில மணி நேரம்தான் நமக்குச் சாதகம். சைபர்கிரைம்.கவ்.இன் வெப்சைட்டிலும் புகார் செய்யலாம். மாமா போன் செய்யவில்லை. எண் தெரியாதது பாதிக் காரணம். மீதி வெட்கம். "படிச்ச புள்ள நீயே சிரிப்பியோன்னு நினைச்சேன்" என்றார்.

ஒரு வாரம் கழித்து நானே உட்கார்ந்து புகார் பதிவு செய்தேன். பணம் வரவில்லை. இப்போது அவர் கம்ப்யூட்டர் மானிட்டரின் கீழே 1930 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது. ஒட்டியது அத்தை.