கருப்பொருளைக் கரையிற் காண்போம்

"நெய்தற்றிணைக்குரிய கருப்பொருள்களைக் கூறுக" என்று வினாத்தாளிற் கேட்டால் நம் மாணாக்கர் தடுமாறுவதில்லை. புள் கடற்காகம், விலங்கு சுறா, பூ நெய்தலும் தாழையும் அடம்பும், மரம் கண்டலும் புன்னையும் ஞாழலும் என வரிசை குலையாமல் எழுதி முழுப் புள்ளியும் பெற்றுவிடுவர். அதே மாணாக்கரைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, "இவற்றுள் அடம்பு எது? கண்டல் எது?" என்று கேட்டுப் பாருங்கள், விழித்து நிற்பர். அவர்களுக்குக் கற்பித்த ஆசிரியருட் பலரும் உடனின்று விழிப்பர். யாழ்ப்பாணத்திலே எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து புறப்பட்டாலும் கடல் சில கட்டை தூரத்திலேயே இருக்கின்றது. நம்முடைய தமிழ் வகுப்புக்குள் மாத்திரம் அது இன்னும் வந்து சேரவில்லை.

சொல்லும் பொருளும் உரைத்தல் தமிழாசிரியர் கடன். பறவையும் விலங்கும் காட்டுதல் விஞ்ஞான ஆசிரியர் கடன் என்றொரு பாகுபாட்டை நாம் செய்து வைத்திருக்கின்றோம். இப்பாகுபாடு தமிழ்க் கல்விக்குக் கேடு விளைக்கின்றது என்பதே யான் ஈண்டு வற்புறுத்த விரும்புவது. சென்ற மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றிலே நண்பர் நால்வருடன் தீவுப்பகுதியைச் சுற்றி வந்தபோது இக்கருத்து எனக்கு வலுப்பெற்றது. எம்முள் ஒருவர் விலங்கியல் கற்பிப்பவர். ஒருவர் சித்திர ஆசிரியர். ஏனைய இருவரும் என்னைப்போல் இலக்கண நூல்களோடு காலங் கழித்தவர்கள். பிரயாணக் கதை சொல்லுதல் என் நோக்கமன்று. கண்டவற்றுள் வழக்குக்கு வேண்டிய சிலவற்றை மாத்திரம் சாட்சியாக முன்வைக்கின்றேன்.

காலையிலே பண்ணைத் தாம்போதியில் வண்டியை நிறுத்தினோம். நீர் வற்றிய சேற்று விளிம்பிலே மண்ணிறக் கொக்கொன்று கழுத்தை ஒடுக்கி அசைவற்று நின்றது. நாம் மிக நெருங்கிய பின்னரே, அதுவரை மறைத்து வைத்திருந்த வெள்ளைச் சிறகை விரித்துப் பறந்தது. "குருட்டுக் கொக்கு" என்றார் சாரதி. ஆள் அருகில் வந்தும் காணாததுபோல் நிற்பதனால் ஊரார் அதற்கு இட்ட பெயர் அது. சற்றப்பால் இறங்கிய அதனை விலங்கியல் நண்பர் தொலைநோக்கியிற் காட்டி, "காலின் நிறத்தைப் பாருங்கள்" என்றார். மங்கிய பச்சை நிறம்.

குறுந்தொகையிலே கபிலர் பாட்டொன்றிலே, தலைவன் தன்னை மணந்த நாளிற் சாட்சியாவார் ஒருவருமில்லை, ஒரு குருகு மாத்திரம் நின்றது என்று தலைவி வருந்துகின்றாள். அக்குருகின் சிறிய பசிய காலுக்குத் தினைத்தாளை உவமை கூறி, ஓடும் நீரிலே அது ஆரல் மீனை நோக்கி நின்றது என்பர் கபிலர். 'பசிய' என்பதை வெறும் அடைமொழியாகக் கருதிக் கடந்து செல்வார் பலர். தாம்போதியில் நின்றவர்க்கு அஃது அடைமொழி மாத்திரமன்று. ஒரு பறவையின் அடையாளம். கால் நிறமும் நிற்கும் நிலையும் இரை பார்க்கும் நோக்கும் மூன்றும் அக்கொக்குக்கு இயைகின்றன. அவ்வாறாயின், தலைவிக்கு வாய்த்த ஒரே சாட்சி ஊரார் குருடு என்று பெயரிட்ட கொக்கு! கண் இருந்தும் மீனையன்றிப் பிறிதொன்றைக் காணாத சாட்சி. பாட்டின் துயரம் முழுவதும் இவ்விடத்திலே தங்கியிருக்கின்றது. அதனை எமக்கு விளக்கியவர் வண்டிச் சாரதி. ஒரு சொல்லில் விளக்கினார்.

மண்டைதீவைக் கடந்து செல்லும்போது, பரவைக்கடலிலே வெகு தூரத்தில் வெண்மையுஞ் செம்மையுங் கலந்த ஒரு கோடு தோன்றிற்று. அவை பூநாரைகள். மாரிகாலத்தில் நம் வடபகுதிப் பரவைகளுக்கு வருவன. தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழாகும்படி நீரில் அமிழ்த்திச் சேற்றுநீரை அரித்து உண்பன. சத்திமுத்தப் புலவர் தூதுவிட்ட செங்கால் நாரை இதுதானோ என்று நண்பர் ஒருவர் ஐயுற்றார். நெடுநேரம் வாதிக்க வேண்டியிருக்கவில்லை. புலவர் தம் நாரையின் அலகுக்குப் பனங்கிழங்கை உவமை கூறினார். பிளந்த பனங்கிழங்கு நேராக நீண்டு முனை கூர்த்திருக்கும். பூநாரையின் அலகோ நடுவில் முறிந்தாற்போல் வளைந்திருக்கின்றது. ஆகவே இஃது அன்று. வடக்கேயிருந்து வலசை வரும் செவ்வலகும் செங்காலுமுடைய வெண்ணிற நாரையே அது எனப் பறவை நூலார் கொள்வதும் இதற்குப் பொருந்துகின்றது. பனங்கிழங்கு தின்று வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இவ்வுவமையின் ஒரு பாதி நாவிலேயே தெரியும். மற்றப் பாதியை நாம் காட்டவில்லை.

குறிகட்டுவான் இறங்குதுறையிலே மோட்டார் வள்ளத்தில் ஏறியபோது, "கடற்காகம் பின்னால வரும், பாருங்கோ ஐயா" என்றார் ஓட்டி. காகம் என்ற பெயரைக் கேட்டதும் இலக்கண நண்பர் கரிய பறவையைத் தேடினார். வள்ளத்தைத் தொடர்ந்து வந்தவையோ சாம்பல் முதுகும் வெள்ளை வயிறும் உடையன. அகப்பொருள் நூலார் கருதிய கடற்காகம் இதுவேயோ, அன்றிக் கரிய நீர்க்காகமோ என்பது ஆராய்தற்குரியது. ஆனால் இரண்டையும் கண்டறியாதவர் அவ்வாராய்ச்சியைத் தொடங்கவும் இயலாது.

நயினாதீவிலே நாகபூஷணி அம்மனை வணங்கிக்கொண்டு நெடுந்தீவுக்குச் சென்றோம். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் டெல்வ்ற் என்றழைத்த தீவு அது. கடற்கல் அடுக்கிய வேலிகளும், பெருக்கமரமும், பாழடைந்த குதிரைப் பந்தியும் பிரயாணிகள் யாவரும் அறிந்தனவே. எம்மை நிறுத்திவைத்தது மணற்பாங்கான கரையில் ஓரிடம். அங்கே அடம்பங்கொடி படர்ந்து ஊதா நிறமாகப் பூத்திருந்தது. அப்பால் வெளியிலே மட்டக்குதிரைகள் ஏழெட்டு மேய்ந்துகொண்டு நின்றன. அடம்பின் பிளவுபட்ட இலைக்கு மானின் அடியையும், அதன் பூவுக்குக் குதிரையின் கழுத்து மாலையிற் கோத்த மணியையும் உவமை கூறும் குறுந்தொகைப் பாட்டொன்று உண்டு. இலையைப் பறித்துக் கையில் வைத்துப் பார்த்தோம், மான் குளம்பேதான். பூவைக் கவிழ்த்துப் பிடித்தோம், மணியேதான். சித்திர ஆசிரியர் ஒரே தாளில் பூவையும் குதிரையையும் வரைந்தார். நெய்தல் நிலத்துப் பூவுக்குக் குதிரைமணி எங்கிருந்து உவமையாய் வந்தது என்று வகுப்பிலே இனி யாரும் கேட்டால் அத்தாள் விடை சொல்லும்.

அவ்விடத்திலேயே இன்னொரு பாட்டும் நினைவுக்கு வந்தது. நிறைசூல் ஆமை அடம்பங்கொடி சிதையக் கரையேறி, மணலைத் தோண்டி, தந்தத்தாற் செய்த வட்டுப்போன்ற முட்டைகளை இட்டுப் புதைக்கும் என்றும், குஞ்சு வெளிவரும்வரை ஆணாமை காத்திருக்கும் என்றும் நப்பசலையார் அகநானூற்றிற் பாடுவர். ஓட்டியைக் கேட்டோம். "முட்டை போட்டு மண்ணால மூடிப்போட்டு அது போயிடும் ஐயா. பிறகு திரும்பிப் பார்க்கவும் வராது. ஆண் கரைக்கே ஏறாது" என்றார். விலங்கியல் நண்பரும் அஃதே உண்மை என்றார். எனவே, கொடி சிதைந்ததும் மணல் தோண்டியதும் முட்டையின் வடிவும் கண்டு கூறியவை. கணவன் காத்திருப்பது அகத்திணைக்காகப் புலவர் தாமே படைத்துச் சேர்த்தது. கண்டதும் படைத்ததும் சந்திக்கும் இடத்திலன்றோ புலமை விளங்குகின்றது? அவ்விடத்தை வகுப்பிலிருந்து ஒருகாலும் காண முடியாது.

நாம் காணாத உயிரொன்றையும் கூற வேண்டும். திரும்பும் வழியிலே கரையில் ஒதுங்கிக் கிடந்த சாதாளையைக் காட்டி, "இந்த மாதிரிப் புல்லைத்தான் ஆவுளியா தின்னும், என்ர அப்பு கண்டவர், நான் காணேல்லை" என்றார் ஓட்டி. ஆவுளியா என்பது கடற்பசு. பாக்கு நீரிணையிலும் மன்னார்க் கடலிலும் கடற்புல் மேய்ந்து வாழ்வது. ஈற்றுக்கு ஒரு கன்றே ஈன்று, ஓராண்டுக்கு மேலாகப் பாலூட்டிக் காப்பது. இறைச்சிக்காகக் கொன்றும், வலையிற் சிக்கி மூச்சடைத்தும், கடலடியை வாரியிழுக்கும் இழுவை மடிகளாற் புல் அழிந்தும் அது அருகிவிட்டது. அத்தகைய இழுவை மீன்பிடி இந்நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. எதிர்க்கரையிலே தமிழ்நாட்டு அரசு 2022ஆம் ஆண்டு கடற்பசுவுக்கெனக் காப்பிடம் வகுத்தது. நெடுந்தீவின் ஒரு பகுதியும் 2015ஆம் ஆண்டு தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. சட்டங்கள் நல்லனவே. ஆயினும் தகப்பன் கண்டு மகன் காணாத உயிரின் பெயரைப் பேரன் எங்ஙனம் சொல்லுவான்? உயிர் போனபின் பெயர் சில காலம் அகராதியிற் கிடக்கும். பிறகு, பொருள் விளங்காத சொல் என்று உரைகாரர் குறிப்பெழுதுவர்.

இவற்றையெல்லாம் கேட்டுப் பண்டிதர் சிலர் மறுப்புரைக்கக்கூடும். "செய்யுள் விலங்கியலன்று; கருப்பொருள் உள்ளுறைக்கு நிலைக்களம்; பறவை எவ்வினமாயினும் நமக்கு வேண்டுவது தலைவன் தலைவியர் உள்ளமே" என்பர். இம்மறுப்பை யான் எளிதாகத் தள்ளவில்லை. பாட்டைப் பறவைப் பட்டியலாகக் குறுக்குதல் தவறே. ஆனால் நிலைக்களம் என்று அவர்கள் கூறும் சொல்லே எனக்குத் துணை. நிலைக்களம் உறுதியாயில்லாதபோது உள்ளுறை எதன்மேல் நிற்கும்? கொக்கின் நோக்கை அறியாதவர்க்குக் கபிலர் பாட்டில் ஒரு கொக்கு மாத்திரம் உண்டு. தலைவியின் தனிமை பாதியே உண்டு.

வேறொன்றும் நாணத்தக்கது. 1880ஆம் ஆண்டு முற்றுப்பெற்ற லெக் என்பாரின் இலங்கைப் பறவை நூலிலும், 1955ஆம் ஆண்டு வெளிவந்த ஹென்றியின் கைந்நூலிலும் பறவைகளின் தமிழ்ப் பெயர்கள் குறிக்கப்பட்டுள்ளன. நம் மக்கள் வாயிலிருந்து கேட்டு ஆங்கிலத்தில் எழுதி வைத்தவர்கள் அவர்கள். ஏட்டுச்சுவடிகளைத் தேடி அச்சேற்றிய பெருமை நமக்கு உண்டு. மீனவர் நாவிலிருக்கும் சுவடியை யார் தேடினோம்? சோளகம், கச்சான், வாடை, கொண்டல் எனக் காற்றுக்குப் பெயர் சொல்லும் அந்த நாவிலே மீனுக்கும் புள்ளுக்கும் புல்லுக்கும் எத்தனை பெயர் இருக்கும்! தீவுக்குத் தீவு அவை வேறுபடுவதும் குறையன்று, செல்வமே.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கொரு நாள், மாரி ஓய்ந்து கடல் தணியும் தை மாசியிலே, தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் சேர்ந்து மாணாக்கரைத் தீவுகளுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கொப்பி இருக்கட்டும்; கண்ட உயிர், கண்ட இடம், ஊரார் வழங்கும் பெயர், நூலில் உள்ள பெயர் என நான்கு நிரல் போதும். படம் பிடிப்பதற்காகப் பறவையைக் கலைப்பதும் குதிரையைத் துரத்துவதும் வேண்டா. கோடையிலே நீரின்றிக் குதிரைகள் மடிகின்ற தீவு அது. அங்குச் செல்வோர் ஒரு வாளி நீரை வீணாக்காமல் வருவதும் கல்வியே. ஓட்டியையும் வலைஞரையும் அன்றைக்கு ஆசிரியராகக் கொள்ளுங்கள். அவர்கள் பெயரையும் கொப்பியிற் குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பள்ளிக்கூடங்கள் பத்து ஆண்டு இதனைச் செய்யுமாயின், நெய்தலுக்கு நாமே ஒரு புதிய உரை கண்டவராவோம். அதற்குள் ஆவுளியாவை ஒரு பிள்ளையாவது கண்டு, கண்டேன் என்று எழுதட்டும்.