பாட்டியின் வெள்ளி ரூபாய்க்கு மார்க்கு போடுவது யார்?

பீரோவின் அடித்தட்டில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. அதற்குள் நாலைந்து வெள்ளி ரூபாய்கள். பாட்டி வைத்துவிட்டுப் போனவை. வரலட்சுமி நோன்பு அன்று வெளியே வரும். பூஜை முடிந்ததும் மறுபடியும் முடிச்சுக்குள் போய்விடும்.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துப் பழைய குடும்பங்களில் இப்படி ஒரு முடிச்சு இருந்தால் ஆச்சரியம் இல்லை.

அந்த முடிச்சுக்கு இப்போது ஒரு புது ஆபத்து வந்திருக்கிறது.

"விக்டோரியா ராணி ரூபாயா? லட்சக்கணக்கில் போகும்! அமெரிக்காவுக்கு அனுப்பித் தரச் சான்று வாங்கினால் போதும். முதலில் கொஞ்சம் பணம் கட்டுங்கள்!"

செல்போனில் ஒரு குரல் இப்படி ஆசை காட்டுகிறது. இதை நம்பலாமா? தரச் சான்று என்றால் என்ன? அதற்கு யாரிடம் உதவி கேட்பது?

70 மார்க்கு

தரச் சான்று என்பது கட்டுக்கதை அல்ல. நிஜமான தொழில்தான். அமெரிக்காவில் 1980-களில் இதற்கென்றே கம்பெனிகள் தோன்றின. பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற இரண்டும் பெயர் பெற்றவை. பல நாட்டு நாணயங்கள் அங்கே போகின்றன.

நிபுணர்கள் நாணயத்தைப் பூதக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். அசலா, போலியா என்பது முதல் கேள்வி. பிறகு தேய்மானம், கீறல், பளபளப்பு எல்லாவற்றையும் பார்த்து 1 முதல் 70 வரை ஒரு எண் கொடுக்கிறார்கள். தேய்ந்துபோய், இன்ன நாணயம் என்று மட்டும் தெரிந்தால் 1. அச்சில் இருந்து வந்தபடியே மாசு மறு இல்லாமல் இருந்தால் 70. கடைசியில் நாணயத்தைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து மூடி, அந்த எண்ணையும் சீட்டில் போட்டுவிடுகிறார்கள்.

100 மார்க்கு ஏன் இல்லை? வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949-ல் போட்ட கணக்கு இது. அமெரிக்காவின் பழைய செம்புக் காசுகளுக்காக அவர் இதைப் போட்டார். மிக மட்டமான காசைப்போல் 70 மடங்கு விலை, குறையே இல்லாத காசுக்குக் கிடைக்கும் என்று அவர் கருதினார். அந்த விலைக் கணக்கு போய்விட்டது. 70 மட்டும் நிலைத்துவிட்டது.

ஓசூர்த் தொழிலாளிக்கு இது புரியாத விஷயம் அல்ல. கைக்கடிகாரமும், மோட்டார் சைக்கிளும், லாரியும் செய்யும் ஊர் அது. மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் உதிரிப் பாகத்தை ஒதுக்கிவிடும் தரச் சோதனை அங்கே அன்றாட வேலை. நாணயத்துக்கும் அதே சோதனைதான்.

இதில் இன்னொரு முக்கியமான விஷயமும் உண்டு. தரம் சொல்பவர் வேறு. நாணயத்தை வாங்குபவர் வேறு. அதனால்தான் அந்தச் சீட்டுக்கு மதிப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

"அமெரிக்காவுக்கு அனுப்பலாம்" என்று ஆசை காட்டும் குரல், ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

நூறு வயது நிறைந்த நாணயம், நம் நாட்டில் ஒரு தொல்பொருள். 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, மத்திய அரசும் அதன் அனுமதி பெற்ற அமைப்பும் தவிர வேறு யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மீறினால் 6 மாதத்துக்குக் குறையாத சிறை. 3 ஆண்டு வரை போகலாம். அபராதமும் உண்டு.

விக்டோரியா ராணி இறந்தது 1901-ல். அவர் மகன் ஏழாம் எட்வர்டு இறந்தது 1910-ல். இவர்கள் தலை போட்ட காசுகள் எல்லாம் நூறைத் தாண்டியவை. ஐந்தாம் ஜார்ஜின் காசில் ஆண்டைப் பார்த்து வயதைக் கணக்கிட வேண்டும். ஆறாம் ஜார்ஜ் காசுக்கும், சுதந்திர இந்தியாவின் காசுக்கும் இன்னும் நூறு ஆகவில்லை.

ஆக, பாட்டியின் விக்டோரியா ரூபாயை அமெரிக்காவுக்கு அனுப்பச் சொல்பவர், உதவி செய்யவில்லை. வம்பில் மாட்டிவிடுகிறார்!

மண்ணில் கிடைத்த காசுக்கு வேறு சட்டம். ராஜாஜி ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தது 1878-ல். புதையல் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் கண்டெடுத்தவருக்கு உரிய பங்கும் போகும். சிறைத் தண்டனையும் வரும்.

இது வெறும் ஏட்டுச் சட்டம் அல்ல. கிருஷ்ணகிரிப் பக்கம் 1792 வரையிலும், ஓசூர்ப் பக்கம் 1799 வரையிலும் திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்தவை. திப்புவின் செம்புக் காசில் யானை இருக்கும். இன்று ஓசூரைச் சுற்றிப் புதுக் கட்டடங்களுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். மண்வெட்டியில் யானைக் காசு தட்டுப்பட்டால், தொழிலாளி என்ன செய்வது என்று அறிந்திருக்க வேண்டாமா?

வீட்டிலேயே முதல் சோதனை

யாரிடமும் பணம் கொடுக்கும் முன்பு, வீட்டிலேயே சில சோதனைகள் செய்யலாம்.

விக்டோரியா கால வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். நகைக்கடைத் தராசில் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையலாம். ஆனால் 9 கிராமோ 10 கிராமோ காட்டினால் சந்தேகப்பட வேண்டும். வெள்ளி, காந்தத்தில் ஒட்டாது. விக்டோரியா ரூபாய் ஒட்டினால் அது போலி. அதே சமயம், புலி போட்ட 1947-ம் ஆண்டு ரூபாய் ஒட்டும். பயப்பட வேண்டாம், அது நிக்கல்.

ஆண்டு பழையது என்பதால் மட்டும் விலை ஏறிவிடாது. 1862 என்று போட்ட ரூபாயைப் பார்த்ததும் பலர் துள்ளிக் குதிக்கிறார்கள். ஆனால் அதே 1862-ஐப் போட்டு, 1874 வரை ரூபாய் அடித்தார்கள். அதனால் அவை ஏராளம். 1939-ம் ஆண்டு வெள்ளி ரூபாயோ மிக அபூர்வம். வயதில் இளையது, விலையில் மூத்தது! அதனாலேயே அதில் போலியும் உண்டு. தரச் சான்று நிஜமாகவே உபயோகப்படுவது இப்படிப்பட்ட நாணயத்துக்குத்தான்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. நாணயத்தைப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது! விபூதியும் வேண்டாம். பூஜைக்குப் பளபளப்பாக வேண்டும் என்று தேய்த்தால், மேல்பரப்பில் நுண்ணிய கீறல் விழுந்துவிடும். தேய்த்துச் சுத்தம் செய்த நாணயத்துக்குத் தரக் கம்பெனிகள் எண் தருவதில்லை. "சுத்தம் செய்யப்பட்டது" என்று சீட்டில் எழுதிவிடுவார்கள். விலை விழுந்துவிடும்.

இடையில் நிற்பவர்

அனுப்பத் தகுந்த நாணயம் இருந்தால், அதற்கும் உதவி தேவைப்படும். பாரம் நிரப்ப வேண்டும். இன்சூரன்ஸ் கட்ட வேண்டும். பலருடைய நாணயங்களைச் சேர்த்து அனுப்பிவைக்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்களில் நல்லவர்களும் உண்டு.

ஆனால் கையில் ரசீது இல்லாமல் காசைக் கொடுக்கக் கூடாது. இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, எடையை ரசீதில் எழுதி வாங்க வேண்டும். வழியில் தொலைந்தால் யார் பொறுப்பு என்று முதலிலேயே கேட்க வேண்டும். கட்டணம், தபால் செலவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஆயிரம் ரூபாய் நாணயத்துக்கு அதைவிட அதிகமாகச் செலவழித்துச் சான்று வாங்குவது, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

ரிசர்வ் பாங்கியின் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்டால், போனைக் கீழே வைத்துவிடலாம். பழைய நாணய வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தம் இல்லை, அதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் பாங்கியே 2021 ஆகஸ்டு மாதம் அறிவித்திருக்கிறது.

மாதம் ஒரு நாள்

இத்தனை விவரமும் ஒரு குடும்பத்துக்கு யார் சொல்வது?

அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூர் போனால் கடை இருக்கிறது. ஆனால் அங்கே மதிப்புச் சொல்பவரே வாங்குபவர். வாங்குபவர் வாயில் விலை உயருமா?

கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே மாதம் ஒரு நாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, "நாணய நாள்" வைக்கலாம். ஒரு தராசு, ஒரு பூதக் கண்ணாடி, விஷயம் தெரிந்த ஒருவர். இவை போதும். அவர் விலை சொல்ல வேண்டாம். வாங்கவும் வேண்டாம். இது அசல், இது போலி, இதை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், இதை அனுப்பக் கூடாது என்று சொன்னால் போதும். ஓசூரிலும் சில மாதங்களுக்கு ஒரு முறை வந்து உட்காரலாம்.

"அருங்காட்சியகத்தாருக்கு வேறு வேலை இல்லையா?" என்று சிலர் கேட்கலாம். பழம்பொருளைக் காப்பதுதானே அவர்கள் வேலை! கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை மட்டும் காத்தால் போதுமா? வீடுகளில் புளி பட்டு அழிவதையும், ஏமாற்றுக்காரர் கையில் போவதையும் தடுப்பது அதில் சேராதா?

"காட்டினால் பறித்துக்கொள்வார்களோ?" என்ற பயமும் ஜனங்களுக்கு உண்டு. பாட்டி கொடுத்த காசை வீட்டில் வைத்திருப்பது குற்றம் அல்ல. இதை அரசாங்கமே உரக்கச் சொல்ல வேண்டும்.

அமெரிக்கச் சான்றின் சிறப்பு பிளாஸ்டிக் கூட்டில் இல்லை. வாங்காத ஒருவர் நேர்மையாகப் பார்த்துச் சொல்கிறார்; அதுதான் சிறப்பு. அந்த நேர்மையான கண்ணைக் கடல் கடந்து தேட வேண்டியது இல்லை. கிருஷ்ணகிரியிலேயே ஒரு மேஜை போட்டு உட்கார வைக்கலாம்.

அதுவரையில், பாட்டியின் ரூபாய் மஞ்சள் துணியிலேயே இருக்கட்டும். போனில் கேட்ட குரலுக்காக முடிச்சை அவிழ்க்க வேண்டாம்!