மொட்டை மாடிக்கு ஏறும் ஹிட்டாச்சி: கிரேன் தூக்கிடும், தளம் தாங்குமா?

தெருவை அடைத்து ஒரு கிரேன். அதன் கொக்கியில் மினி ஹிட்டாச்சி ஒன்று மெல்லச் சுழன்றபடி மேலே போகிறது. கீழே நிற்பவர்கள் செல்போனில் வீடியோ எடுக்கிறார்கள். பழைய அபார்ட்மென்ட்டை இடிக்கும் இடத்தில் எல்லோர் கண்ணும் கிரேன் மேல்தான். ஆனால் பெரிய ஆபத்து ஆரம்பிப்பது, மெஷின் மாடியில் இறங்கி, கொக்கி கழன்ற பிறகு.

சரி, ஏன் மேலே ஏத்தணும்? தரையில் நின்றே இடிக்கும் நீளக் கை மெஷின்கள் உண்டு. ஆனால் அவை தள்ளி நிற்க இடம் வேண்டும். வெடிவைத்துத் தகர்க்கலாம், மௌலிவாக்கத்தில் 2016-லும் நொய்டாவில் 2022-லும் அப்படித்தான் செய்தார்கள். அதற்கு அக்கம்பக்கத்தையே காலி செய்யணும். பக்கத்து வீட்டுச் சுவர் நாலு அடியில் இருக்கும் தி.நகர் சந்துக்கு இரண்டுமே சரிப்படாது. மிச்சம் இருப்பது, மாடியில் ஆரம்பித்து ஒவ்வொரு தளமாக இடித்துக்கொண்டு இறங்குவது.

ஏத்துவதில் ஒரு விஷயம்தான் முக்கியம். '50 டன் கிரேன்' என்றால் எங்கேயும் 50 டன் தூக்கும் என்று அர்த்தமில்லை. கை நீள நீள, தூக்கும் திறன் சில டன்னாகச் சுருங்கிவிடும். அதனால் பெரிய மெஷின்களைப் பிரித்து ஏற்றி, மேலே வைத்துப் பூட்டுவதும் உண்டு.

இப்போ கணக்குக்கு வருவோம். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதி (ஐஎஸ் 875) வைத்திருக்கும் சுமை, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. வீட்டுத் தளத்துக்கு 200 கிலோ. 3 டன் மினி ஹிட்டாச்சி நிற்க 3 சதுர மீட்டர் என்று வைத்தால், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டன்! டிசைனில் கூடுதல் பலம் விட்டிருப்பார்கள், பீம்களும் சுமையைப் பகிரும், உண்மைதான். ஆனால் உள்ளே கம்பி எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? அதன் மேல் பிரேக்கரின் அதிர்வு வேறு.

அதனால்தான் மெஷின் நிற்கும் தளத்துக்குக் கீழே இரண்டு மூன்று தளங்களுக்கு ஜாக்கி முட்டுக் கொடுக்கணும். பலரும் மறப்பது இடிபாட்டை. ஒரு அடி உயரத்துக்குக் குவிந்தாலே சதுர மீட்டருக்கு 400 கிலோவைத் தாண்டும். அதே இடிபாட்டைச் சரிவாகக் குவித்துத்தான் மெஷின் அடுத்த தளத்துக்கு இறங்குகிறது. தான் நிற்கும் தரையைத் தானே தின்னும் வேலை இது.

டோக்கியோவில் 40 மாடி அகாசாகா பிரின்ஸ் ஹோட்டலை 2012-13-ல் அகற்றியபோது, கூரையை மூடி போல அப்படியே விட்டு, உள்ளேயே தளங்களை வெட்டி இறக்கினார்கள். அந்த அளவு செலவு இங்கே நடக்காது, விடுங்க. தி.நகர் சென்னை சில்க்ஸ் கட்டடம் 2017-ல் தீயில் வெந்துபோனபோது, மேலே மெஷினை நிறுத்தும் நிலையில் தளங்கள் இல்லை. வெளியே இருந்து ஜா கட்டர் வைத்துத்தான் இடித்தார்கள். அப்போதும் ஒரு தொழிலாளி உயிர் போனது.

கட்டட இடிப்புப் பாதுகாப்புக்கென்றே ஐஎஸ் 4130 என்ற விதித் தொகுப்பு இருக்கிறது. சிக்கல் காசில். கம்பி, கதவு, ஜன்னலை எடுத்து விற்கும் லாபத்தை நம்பித்தான் பல இடிப்பு கான்ட்ராக்ட்டுகள் பேசப்படுகின்றன. அங்கே வேகம்தான் லாபம். ஜாக்கி வாடகை வெறும் செலவு. எனவே முட்டுக் கொடுக்கும் வரைபடமும் சுமைக் கணக்கும், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் கையெழுத்தோடு, கிரேன் வரும் முன்பே மாநகராட்சியிடம் இருக்கணும். ஒரு நகல் பக்கத்து வீட்டுக்காரருக்கும் போகணும். ஜாக்கி வாடகையை கான்ட்ராக்ட் தொகையில் தனி வரியாக எழுத வைக்கணும்.

இன்னொன்று, கேபினில் உட்காரும் ஆபரேட்டர். கீழ்த்தளத்துக்குப் போய் ஜாக்கி நிக்குதான்னு பார்த்துவிட்டு, இல்லையென்றால் 'ஏற மாட்டேன்' என்று சொன்னால், அன்றைய கூலி அவருக்குக் கிடைக்குமா?