முகாமோடு மூடப்படும் பெட்டி

தடுப்பூசி முகாம் நடைபெறும் இடமெங்கும் செவிலியரின் மேசைமேல் ஒரு சிறு பெட்டி இருக்கும். அதில் அட்ரினலின் குப்பிகளும் சிரிஞ்சுகளும் இருக்கும். ஊசி போட்டுக்கொண்டவர் கடும் ஒவ்வாமையால் மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் சரிந்து வீழ்ந்தால், தொடைத் தசையில் உடனே செலுத்த வேண்டிய மருந்து அது. மருத்துவருக்காகக் காத்திராமல் முதல் அளவைச் செலுத்திவிட்டு மருத்துவமனைக்கு அனுப்பத் துணைச் செவிலியருக்கே அரசு அனுமதி அளித்துள்ளது.

முகாம் முடிந்ததும் பெட்டி மூடப்படுகிறது. மறுநாள் அதே ஊரில் குளவி கொட்டிய தொழிலாளிக்கும், வேர்க்கடலை தின்று தொண்டை வீங்கிய குழந்தைக்கும் அது எட்டுவதில்லை. தடுப்பூசியால் நேரும் மரணம் அரசுக்குப் பழி. குளவியால் நேரும் மரணம் ஏழையின் விதி! இதுவே ஆட்சியாளரின் கணக்கு.

மருந்து அரியதா? அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் உள்ளது. காப்புரிமைத் தடையும் இல்லை. குப்பியின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் குறைவு. சாமானியர் கையில் ஊசி ஆபத்து என்கிறார்கள். இலட்சக்கணக்கான நீரிழிவு நோயாளிகள் நாள்தோறும் தமக்குத் தாமே இன்சுலின் செலுத்திக்கொள்வதை இவர்கள் அறியார்களா?

குப்பியை உடைத்து அளந்து ஏற்றும் தாமதத்தைத் தவிர்க்கத் தானியங்கி ஊசிக் கருவி உண்டு. ஆனால் அமெரிக்க அனுபவம் நமக்கு எச்சரிக்கை. பள்ளிகள் அதனை இருப்பு வைப்பதை ஊக்குவிக்க அங்கே 2013இல் சட்டம் வந்தது. எனினும் 2007இல் எபிபென் கருவியைக் கைப்பற்றிய மைலான் நிறுவனம், சுமார் 100 டாலராக இருந்த இரட்டைப் பொதியின் விலையை 2016க்குள் 600 டாலருக்கு மேல் ஏற்றியது. பொதுத்துறை உற்பத்தியின்றி இயற்றப்படும் சட்டம் ஏகபோகத்துக்குச் சந்தை பிடித்துத் தருவதாகவே முடியும்.

அதே 2016இல்தான், சோவியத் உதவியுடன் வளர்ந்த நமது பொதுத்துறை மருந்து நிறுவனமான ஐ.டி.பி.எல்.லை மூட ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது.

ஆகவே நமது கோரிக்கை இரண்டும் பிரிக்க இயலாதவை. பள்ளி, அங்கன்வாடி, ஆலை, தேயிலைத் தோட்டம் அனைத்திலும் அட்ரினலினும் பயிற்சி பெற்றோரும் வேண்டும். மருந்தையும் கருவியையும் பொதுத்துறையே உற்பத்தி செய்ய வேண்டும். கிராம சபைகளிலும் தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியல்களிலும் தோழர்கள் இதனை முன்வைக்க வேண்டும். முகாம் முடிந்த பின்னும் அந்தப் பெட்டி மக்களிடமே இருக்கட்டும்.