அஞ்சுல ரெண்டு

தப்பான விடைக்கும் மதிப்பெண் தர வேண்டும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் கேட்பது கருணை மதிப்பெண் அல்ல.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு வீட்டுத் திண்ணையில், சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறேன். ஒருநாள் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஐந்தில் இரண்டு என்று எழுதினான். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டான். என் பேனா தானாகவே தப்புக்குறி போட்டது.

அவன் நகரவில்லை. "எப்படிக்கா தப்பு? நேத்து ரெண்டு மேட்ச்ல ஒண்ணு ஜெயிச்சோம். இன்னிக்கு மூணுல ஒண்ணு. மொத்தம் அஞ்சுல ரெண்டுதானே?"

தூக்கிவாரிப் போட்டது. மேட்ச்சுக்கு அவன் சொன்னது சரி. பௌர்ணமி தவறாமல் பூ விற்கும் அம்மாவுக்குச் சில்லறை பார்த்துக் கொடுக்கிறவன் அவன். அதனால் பூவிலேயே கேட்டேன்.

"அம்மா அரை முழம் தர்றாங்க. பத்தலைன்னு இன்னும் முழத்துல மூணுல ஒரு பங்கு தர்றாங்க. மொத்தம் அரை முழத்தைவிடக் குறையுமா?"

"அதெப்படிக்கா குறையும்?"

"அஞ்சுல ரெண்டு அரையைவிடப் பெருசா, சின்னதா?"

விரல்களை மடக்கிப் பார்த்தான். "சின்னது..." கொஞ்ச நேரம் கழித்து, "மேட்ச்னா வேற வேற மேட்ச். பூன்னா ஒரே முழம்" என்றான்.

பகுதிகளை ஏன் சமமாக்க வேண்டும் என்று இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் சொன்னதில்லை. எனக்குச் சொன்னதெல்லாம் மீ.சி.ம. கண்டுபிடி, பெருக்கு, கூட்டு.

இந்தப் பேச்சுக்கு எந்த மதிப்பெண் பதிவேட்டில் இடம் இருக்கிறது? 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது, வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று பார்க்கத்தான் அந்த நாற்பது. அது எப்படிப் போனது? கடையில் வாங்கிய சார்ட், அண்ணன் ஒட்டிய தெர்மாகோல், கடைசி வாரத்தில் ஒரே மூச்சில் நிரப்பிய கட்டங்கள். ஆசிரியரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. மேலே இருப்பவர்கள் கேட்டது எண்ணை, அவர் கொடுத்ததும் எண்ணை.

"அதனாலதான் பரீட்சையைக் கடுமையாக்கணும்" என்பவர்கள் உண்டு. 2019இல் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அரசு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பி, 2020 பிப்ரவரியில் கைவிட்டது. நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் பரீட்சை போனதே தவிர, கேள்வி மாறவில்லை. பொதுத்தேர்வு வந்திருந்தாலும் என் பையனுக்கு அதே தப்புக்குறிதான், கூடவே அவமானமும்.

இன்னொரு கூட்டம், "தெருவுல கணக்கு தன்னால வரும், பள்ளிக்கூடம் எதுக்கு?" என்கிறது. அதுவும் பொய். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் எழுதிய ஆய்வு 2025இல் நேச்சர் இதழில் வந்தது. வியாபாரக் கணக்கை மனசிலேயே போடும் பிள்ளைகள், பாடப்புத்தகப் பாணியில் கேட்டால் திணறினார்கள். சந்தையே தெரியாத பள்ளிப் பிள்ளைகள் வியாபாரக் கணக்கில் திணறினார்கள். இரண்டுக்கும் நடுவே பாலம் தானாக முளைக்காது. யாராவது உட்கார்ந்து பேசித்தான் கட்ட வேண்டும்.

நாற்பது பேர் வகுப்பில் அதற்கு நேரம் ஏது என்பீர்கள். நியாயம்தான். ஆனால் நாற்பது பேரும் நாற்பது விதமாகத் தப்பு செய்வதில்லை. பின்னக் கூட்டலில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது மூன்று நான்கு வகைதான். வகைக்கு ஒரு பிள்ளையைப் பேசவிட்டால் வகுப்பே கேட்கும். சார்ட்டுக்குப் போகும் நேரத்தை இதற்குக் கொடுங்கள். ஒவ்வொரு கணக்குக்கும் கீழே "ஏன்?" என்று ஒரு வரி கேளுங்கள். அந்த வரிக்குப் பாதி மதிப்பெண் வையுங்கள்.

அன்று போட்ட தப்புக்குறியை நான் அடிக்கவில்லை. விடை தப்புதானே. பக்கத்தில் "மேட்ச்சுக்குச் சரி" என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த நாள் வந்து, "முழத்துக்கும் சரியா போட்டுட்டேன்க்கா" என்று நோட்டை நீட்டினான். ஆறில் ஐந்து.